தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர்கள்

ஓடுகிறவர்களின் எந்த வாட்ஸப் குழுவில் சேர்ந்தாலும் ஒரு வாரத்துக்குள் யாராவது ஹாருகி முரகாமியைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். 2007இல் ஜப்பானிய மொழியிலும் அடுத்த வருடம் ஃபிலிப் கேப்ரியலின் ஆங்கிலத்திலும் வந்த அவருடைய ஓட்ட நினைவுக்குறிப்பைத்தான் சொல்கிறேன். ரேமண்ட் கார்வரின் கதைத் தலைப்பை இரவல் வாங்கிக்கொண்ட சின்னப் புத்தகம். வலியையும் துன்பத்தையும் பிரித்துக் காட்டும் ஒற்றை வரி ஒன்று அதில் உண்டு. டீஷர்ட், தண்ணி பாட்டில், லிங்க்ட்இன் என்று அந்த வரி போகாத இடம் இல்லை. இத்தனைக்கும் அது முரகாமியுடையதுகூட இல்லை. வேறொரு ஓட்டக்காரர் பேட்டியில் சொன்னது என்று அவரே எழுதியிருக்கிறார். பிராண்ட் ஆனபிறகு யார் பதிப்புரிமையைப் பார்க்கிறார்கள்.

புத்தகம் எனக்குப் பிடிக்கும். ஜாஸ் பார் நடத்திக்கொண்டிருந்த ஒரு ஆள், நாவலாசிரியராக உட்கார்ந்துவிட்டால் உடம்பு கெட்டுப்போகும் என்று 1982இல், முப்பத்துமூன்று வயதில், ஓட ஆரம்பிக்கிறார். சிகரெட்டை விடுகிறார். தினமும் ஓடுகிறார், தினமும் எழுதுகிறார். இரண்டுக்கும் ஒரே தசைதான் என்கிறார். கோடு எழுதிப் பிழைக்கிற என்னைப்போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடுகிறது: தினசரி கமிட், சின்னச் சின்ன முன்னேற்றம், புலம்பல் கிடையாது. எங்கள் தலைமுறை ஐடி ஆட்களின் பக்தி நூலாக அது ஆனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் மூன்றாவது தடவை வாசித்தபோது ஒன்று உறுத்தியது. அதில் உடம்பு கலகம் செய்கிறது, கேவலப்படுவதே இல்லை. 1996 ஜூனில் ஹொக்கைடோவின் சரோமா ஏரிக்கரையில் அவர் ஓடிய 100 கிலோமீட்டர் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் உச்சம் அதுதான். ஐம்பத்தைந்தாவது கிலோமீட்டரில் பாதம் வீங்கி, அரை அளவு பெரிய ஷூவுக்கு மாறுகிறார். அதற்குப்பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று புகார் சொல்கின்றன. பிரெஞ்சுப் புரட்சி நாடாளுமன்றத்தில் நிற்கிற டாண்டன் மாதிரி, ரோபெஸ்பியர் மாதிரி, அவற்றைப் பேசிச் சமாளிக்கிறார். நல்ல உருவகம். சிரிக்கவும் வைக்கிறது. ஆனால் கவனியுங்கள், அங்கே பேசுகிறவர் எப்போதும் தலைவர். கால் ஒரு தொண்டன். தலைவர் மைக்கை விடவே இல்லை. உடம்பைப் பற்றிய வெட்கம் என்று புத்தகத்தில் அழுத்தமாக வருவது, பதினாறு வயதில் கண்ணாடி முன்னால் நின்று தன் குறைகளைப் பட்டியல் போட்டதுதான். அது விடலை வெட்கம். முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் வெட்கம் வேறு.

அது எப்படிப்பட்டது என்று இலக்கியவாதிகள் சொல்லாததை நான் சொல்கிறேன். மார்க்காம்பில் ஈரத்துணி நாலு மணிநேரம் உரசினால் ரத்தம் வரும். வெள்ளை டீஷர்ட்டில் இரண்டு சிவப்புக் கோடு நேராக இறங்கும். சாலையோரம் நிற்கிற பள்ளிப்பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். தொடை இடுக்கு உராய்ந்து தோல் போய்விடும். ஓடும்போது தெரியாது, அன்றைக்கு ராத்திரி குளிக்கும்போது அலறுவோம். கால்பெருவிரல் நகம் கறுத்து, ஒரு மாதம் கழித்து சாக்ஸுக்குள் தனியாகக் கிடக்கும். இதெல்லாம் பரவாயில்லை, சொல்லிக்கொள்ளலாம். விழுப்புண் மாதிரி போட்டோகூடப் போடுகிறார்கள். வயிறுதான் பெரிய பிரச்னை. நீண்ட நேரம் கடுமையாக ஓடும்போது ரத்தம் குடலைக் கைவிட்டுக் கால் தசைகளுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. பட்டினி போடப்பட்ட குடல், மேலும் கீழும் குலுங்கிக் குலுங்கி, ஒரு கட்டத்தில் கையை விரித்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாம் விழுங்குகிற சர்க்கரைக் கூழ் வேறு அதற்கு உதவி செய்யும். அப்புறம் பொறியியல் பட்டமாவது, நேரக்கணக்காவது. உலகத்தில் ஒரே கேள்விதான் மிச்சமிருக்கும்: மறைவான இடம் எங்கே?

குன்னூர் மேடுகளில் இது சீக்கிரமே வந்துவிடுகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். கோயம்புத்தூரில் சும்மா பேசிக்கொண்டே ஓடுகிற வேகம் அங்கே போனதும் மூச்சிரைக்க வைக்கும். அதற்காகத்தான் அங்கே போவதே. ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டினைக் கூடுதலாகச் சுரந்து, மெதுவாக ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். சில வாரங்கள் தங்கிப் பயிற்சி எடுத்துக் கீழே இறங்கினால் அந்த ரத்தம் கைகொடுக்கும். சனி ஞாயிறு மட்டும் போய்வருகிற எங்களுக்கு ரத்தம் ஒன்றும் பெருகப்போவதில்லை. மூச்சுவாங்குவதும் ஓட்ஸும் வர்க்கியும்தான் லாபம்.

இந்த வெட்கத்தைப் பற்றி எழுதவே இல்லையா என்றால், எழுதப்பட்டிருக்கிறது. இரண்டே விதமாக. ஒன்று ஜோக், இன்னொன்று வீரகதை. 2005 லண்டன் மாரத்தானில் பவுலா ராட்க்ளிஃப் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர், தாங்க முடியாமல் சாலையோரம் ஒதுங்கி உட்கார்ந்தார். நேரலை. பிறகு எழுந்து ஓடி 2 மணி 17 நிமிடம் 42 நொடியில் ஜெயித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் பிரான்ஸின் யோஹான் டினிஸுக்கு வயிறு கலங்கிக் காலில் வழிந்தது. மயங்கி விழுந்தார், எழுந்தார், எட்டாவதாக வந்தார். இந்த இரண்டு பேரையும் வைத்து எத்தனை மீம், எத்தனை உத்வேகப் பதிவு. இரண்டு வகையிலும் நடப்பது ஒன்றே: அந்த நிமிடத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். சட்டகத்தில் ஒரே ஒரு ஆள், அவருடைய மன உறுதி, முடிந்தது.

என் கட்சி இதுதான்: மாரத்தான் எழுத்து தனிமையைக் கொண்டாடுகிறது. ஆனால் உடம்பு கேவலப்படுகிற இடத்தில்தான் அந்தத் தனிமை உடைகிறது. அங்கே இன்னொரு மனிதர் வந்தே ஆகவேண்டும். தாங்குகிறவர், துடைக்கிறவர், தண்ணி தருகிறவர், அல்லது பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். அந்த இரண்டாம் ஆளை எழுதத் தெரியாத புத்தகம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பாதிதான். முரகாமியின் ஏதென்ஸ் அத்தியாயத்தையே பாருங்கள். 1983 ஜூலையில், பத்திரிகைக்காக, ஏதென்ஸிலிருந்து மாரத்தான் ஊருக்குக் கொளுத்தும் வெயிலில் ஓடுகிறார். கூடவே வண்டியில் புகைப்படக்காரர் வருகிறார். வழியில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களையும் பூனைகளையும் முரகாமி எண்ணுகிறார். அருமையான கவனிப்பு அது. ஆனால் நாற்பது கிலோமீட்டர் கூடவே வந்த அந்த மனிதர் யார், என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. செத்த பூனைகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, அந்தப் புகைப்படக்காரர் மங்கலாகத்தான் இருக்கிறார்.

இதற்கு முரகாமியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போட்டியின் விதியே அப்படித்தான் வளர்ந்தது. 42.195 கிலோமீட்டர் என்ற விசித்திர தூரம் 1908 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து வந்தது. விண்ட்ஸர் கோட்டையில் ஆரம்பித்து, அரங்கத்தில் அரச குடும்பம் உட்காரும் மாடத்துக்கு முன்னால் முடியவேண்டும் என்று அளந்த தூரம். அந்த ஓட்டத்தில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக அரங்கத்துக்குள் வந்தார். வந்தவர் தப்பான திசையில் திரும்பினார், விழுந்தார். எழுப்பிவிட்டார்கள், மறுபடி விழுந்தார். கடைசி சில நூறு மீட்டருக்குப் பத்து நிமிடம் ஆனது. நடுவர்கள் கைத்தாங்கலாகக் கோட்டைத் தாண்டவைத்தார்கள். அமெரிக்க அணி ஆட்சேபித்தது, தங்கம் ஜானி ஹேய்ஸுக்குப் போனது. தாங்கிய கைதான் அவரைத் தோற்கடித்தது. டெய்லி மெயிலுக்காக அந்தக் காட்சியை எழுதியவர் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். புகழ்பெற்ற அந்தப் படத்தில் பியெத்ரியைத் தாங்கிப் பிடித்திருப்பவர் டாயில்தான் என்று ரொம்பகாலம் கதை உலவியது. உண்மை இல்லை, அவர் பார்வையாளர் வரிசையில் இருந்தார். ஆனால் எழுத்தாளர் பக்கத்தில் நின்று தாங்கியிருக்கவேண்டும் என்று ஜனங்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு பியெத்ரிக்காக அந்தப் பத்திரிகை வழியே பணம் திரட்டவும் டாயில் முன்னின்றார்.

1984இல், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில், லாஸ் ஏஞ்சலஸில், ஸ்விட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் உடம்பு ஒருபக்கம் கோணி, ஒரு கை தொங்க, கடைசிச் சுற்றை ஐந்தே முக்கால் நிமிடம் நடந்து முடித்தார். மருத்துவர்கள் பக்கத்திலேயே வந்தார்கள், தொடவில்லை. தொட்டால் தகுதி போய்விடும் என்று அவரே விலகிவிலகிப் போனார். வியர்வை நிற்கவில்லை, அதனால் உயிருக்கு உடனே ஆபத்து இல்லை என்று கணித்து விட்டுவிட்டார்கள். 37ஆவது இடம். அந்த வீடியோவை எல்லோரும் அவருடைய முகத்துக்காகப் பார்க்கிறார்கள். இன்னொருமுறை பார்க்கும்போது அந்த மருத்துவர்களின் கைகளைப் பாருங்கள். நீளுகின்றன, நிற்கின்றன, மறுபடி நீளுகின்றன. எனக்குத் தெரிந்து மாரத்தானைப் பற்றிய ஆகச்சிறந்த சிறுகதை அந்தக் கைகளில்தான் இருக்கிறது. யாரும் எழுதவில்லை.

நீலகிரிக்கு வருகிறேன். 2016 ரியோவுக்கு முந்தைய வருடங்களில், இந்தியாவின் நெடுந்தூர ஓட்டப் பெண்கள் பெலாரஸ் பயிற்சியாளர் நிக்கோலாய் ஸ்னேசரெவிடம் பயிற்சி எடுத்த இடங்களில் ஊட்டியும் ஒன்று. வயநாட்டுப் பெண் ஓ.பி. ஜெய்ஷா அவர்களில் ஒருவர். 2015 ஜனவரி மும்பை மாரத்தானில் தேசிய சாதனையை உடைத்தார். அதே வருடம் பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 நொடி ஓடி, தன் சாதனையைத் தானே மறுபடி உடைத்தார். அடுத்த வருடம் ரியோவில், ஆகஸ்ட் 14ஆம் தேதி, 2 மணி 47 நிமிடம் 19 நொடி, 89ஆவது இடம். கோட்டைத் தாண்டியதும் விழுந்தார். நினைவு திரும்பியது மருத்துவ அறையில், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது.

ஊருக்குத் திரும்பியபிறகு அவர் சொன்னதுதான் பெரிய செய்தி ஆனது. வழியில் ஒவ்வொரு நாட்டுக்கும் மேசை இருந்தது. மற்ற நாடுகளின் மேசையில் ஆட்கள் நின்று தங்கள் ஓட்டக்காரர்களுக்குப் பானமும் உணவும் நீட்டினார்கள். இந்தியாவின் மேசையில் பெயரும் கொடியும் இருந்தன, ஆள் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். செத்திருப்பேன் என்கிற அளவுக்குப் பேசினார். தடகள சம்மேளனம் மறுத்தது. என்ன பானம் வேண்டும் என்று கேட்டோம், ஜெய்ஷாவும் பயிற்சியாளரும்தான் வேண்டாம் என்றார்கள் என்றது. விளையாட்டு அமைச்சகம் குழு போட்டு விசாரித்தது. ஸ்னேசரெவ் 2021 மார்ச்சில் பட்டியாலாவில் காலமாகிவிட்டார்.

யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. நான் பேசுவது அந்தச் செய்தி எழுதப்பட்ட விதத்தைப் பற்றி. எல்லாப் பத்திரிகைகளும் அதை ஊழல் கதையாக, அலட்சியக் கதையாக எழுதின. தொலைக்காட்சியில் இரண்டு நாள் கத்தினார்கள். ஆனால் முப்பதாவது கிலோமீட்டரில், ரியோ வெயிலில், உடம்பில் உப்பும் சர்க்கரையும் வற்றிய நிலையில், பக்கத்து மேசையில் இன்னொரு நாட்டுப் பெண்ணுக்குப் பாட்டில் நீட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவது எப்படி இருக்கும்? தாகம் ஒரு பக்கம், அது இன்னொரு பக்கம். அந்தக் கேவலத்தை எழுத ஒருவரும் இல்லை. முரகாமியின் வலி-துன்பப் பிரிவினை இங்கே வேலை செய்யாது. துன்பம் உன் கையில் இருக்கிறது என்பதைப் பாட்டில் கையில் இருக்கிறவர்தான் சொல்லமுடியும்.

ஆலன் சில்லிடோ இதை 1959லேயே மோப்பம் பிடித்துவிட்டார். நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமையைத் தலைப்பிலேயே வைத்த அவருடைய குறுநாவலில் வரும் ஸ்மித், சீர்திருத்தப் பள்ளிப் பையன். உறைபனிக் காலையில் வெறும் வயிற்றோடு ஓடுகிறான். பள்ளி நிர்வாகிக்குக் கோப்பை வேண்டும், அதற்காக இவனை ஓடவிடுகிறார்கள். ஜெயிக்கக்கூடிய போட்டியில், கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று தோற்கிறான். யாருக்காக ஓடுகிறேன் என்று கேட்ட முதல் ஓட்டக்காரக் கதாபாத்திரம் என் வாசிப்பில் அவன்தான். நம் வாட்ஸப் குழுக்களில் ஸ்மித்தை யாரும் போடுவதில்லை. டீஷர்ட்டில் அடிக்க வசதியான வரி அவனிடம் கிடையாது.

டிசம்பர் மாதம் ஒரு காலையில் குன்னூரிலிருந்து லாம்ப்ஸ் ராக் போகும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். ஏறும்போது நன்றாகத்தான் இருந்தது, திரும்பும்போது வயிறு சொல்லிவிட்டது. இரண்டு பக்கமும் தேயிலை. வேறு வழியில்லாமல் செடிகளுக்குள் இறங்கினேன். மேலேயிருந்து ஒரு குரல்: “தம்பி, அங்க போகாதீங்க, மருந்து அடிச்சிருக்கு. இந்தப் பக்கம் வாங்க, ஓடை இருக்கு.” இடுப்பில் படங்கு கட்டி, கையில் கொழுந்து வெட்டும் கத்திரியோடு ஓர் அம்மா. அறுபது வயது இருக்கும். முகத்தில் சிரிப்பும் இல்லை, அருவருப்பும் இல்லை. வழி கேட்டவனுக்குப் பஸ் ஸ்டாண்டைக் காட்டுகிற மாதிரி காட்டினார். திரும்பி வந்தபோது கூச்சத்தில் எதையோ உளறினேன். “அதுல என்ன தம்பி, நாங்க தெனம் போற எடந்தான்” என்றார். பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து மூடியில் கொஞ்சம் ஊற்றி, “தேத்தண்ணி குடிங்க, சீனி போட்டதுதான்” என்று கொடுத்தார். தேத்தண்ணி என்ற அந்தச் சொல்லே அவர் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டது. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப்பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் பலர் நீலகிரியில்தான் குடியேறினார்கள்.

நாங்க தெனம் போற எடம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பிடமும் இருக்கவேண்டும் என்று அடுத்தடுத்த பிரிவுகளில் சொன்னது. எட்டு குடிநீருக்கு, ஒன்பது கழிப்பிடத்துக்கு. எனக்கு வருடத்துக்கு நாலு தடவை நேர்வதும், அதைப் பற்றி நான் இங்கே இத்தனை பத்தி எழுதுவதும், அந்த அம்மாவுக்கு வெறும் செவ்வாய்க்கிழமை. அவர் ஏறி இறங்குகிற சரிவையும் சுமையையும் கணக்குப்போட ஆசையாக இருந்தது, போடவில்லை. இருவரின் உழைப்பையும் ஒரே எக்ஸெல் ஷீட்டில் வைப்பது எனக்கு அநாகரிகமாகப் படுகிறது. நான் காசு கட்டி ஓடுகிறேன், அவர் கூலிக்கு ஏறுகிறார். வித்தியாசம் அங்கேயே இருக்கட்டும்.

தேயிலைச் சரிவில் உடம்பு படும் பாட்டைச் சொன்ன புத்தகம் தமிழில் நமக்கு உண்டு, அதுவும் மொழிபெயர்ப்பாக: பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’. இரா. முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆக்கினார். பாலாவின் ‘பரதேசி’க்கு அடிப்படை என்றால் பலருக்குத் தெரியும். படத்தைவிட நாவல் எவ்வளவோ மேல். படம் அழவைப்பதில் மும்முரமாக இருக்கிறது. களம் ஆனைமலைத் தோட்டங்கள், நீலகிரி இல்லை. கதையாக அது அங்கங்கே தட்டையானதுதான், கங்காணியும் துரையும் எதிர்பார்த்தபடியே நடந்துகொள்கிறார்கள். ஆனால் டேனியல் தோட்டங்களில் வேலை பார்த்த டாக்டர். கருப்பனும் வள்ளியும் குளிரிலும் மலேரியாவிலும் படுகிற பாட்டை அவர் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அதனால் உடம்பின் கேவலம் அங்கே ஜோக்காகவும் இல்லை, வீரகதையாகவும் இல்லை. முரகாமியிடம் இல்லாத அந்த இரண்டாம் ஆள், இந்த நாவலில் எழுதுகிறவராகவே இருக்கிறார். என் அலமாரியில் இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

தமிழில் ஓட்டத்தைப் பற்றி நல்ல புத்தகம் வரவேண்டும் என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம், முரகாமி மாதிரி ஒன்று என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு அந்த அச்சு எதற்கு என்று புரியவில்லை. உடம்பைத் தானாக வருத்திக்கொள்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். நாள்கணக்கில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். கொப்புளம், தொடையிடுக்குப் புண், வயிற்றுப்போக்கு எல்லாம் உண்டு. ஆனால் அந்த நடையில் வழிநெடுகப் பந்தல் இருக்கிறது. நீர்மோர் தருகிறார்கள், கொப்புளத்துக்கு மருந்து போடுகிறார்கள், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் காலைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்க்கிறார். வேண்டுதல் நடக்கிறவருடையது, புண்ணியம் பந்தலில் நிற்பவருக்கும் பங்கு. எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. இருந்தாலும் தொட்டால் தகுதியிழப்பு என்கிற விதியைவிட இந்த ஏற்பாடு எழுத்துக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு புத்தகத்தை யாராவது எழுத உட்கார்ந்தால், ஓடுகிறவரை விட்டுவிட்டு மேசைப் பக்கமிருந்து எழுதிப் பார்க்கலாம். காலை நாலு மணிக்கு வந்து டம்ளர் அடுக்குகிறவர்கள், ஆறு மணிநேரம் கழித்துக் கடைசி ஆளும் போனபிறகு ரோட்டில் கிடக்கும் வாழைப்பழத் தோலையும் கப்பையும் பொறுக்குகிறவர்கள். பந்தயங்களில் அவர்களுக்கு நாம் கையசைத்துவிட்டுப் போகிறோம், பெரும்பாலும் அதுகூட இல்லை, பாதி குடித்த கப்பை அவர்கள் காலடியில் எறிந்துவிட்டுப் போகிறோம். அவர்கள் கண்ணுக்கு நாங்கள் எப்படித் தெரிகிறோம் என்பதை வாசிக்க எனக்கு நிஜமாகவே ஆசை. ரத்தக்கறை டீஷர்ட்டோடு, மூக்கு ஒழுக, காலை அகட்டி அகட்டி நடந்துவரும் நாற்பதாயிரம் ரூபாய் வாட்ச் கட்டிய ஒரு ஆளைப் பார்த்து, “ஐயோ பாவம், இவனுக்கு என்ன கஷ்டமோ” என்று யாராவது ஒருவர் நினைத்திருப்பார்.